மாத்திரை பாலில் இறங்குமா? எவ்வளவு இறங்கும்?

என் தங்கையின் குழந்தைக்கு அப்போது 70 நாள். தங்கைக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, பிடுங்க வேண்டியதாகிவிட்டது. பல் பிடுங்கிய மருத்துவமனையில் கிருமிக்கு அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், வலிக்கு இபுபுரூஃபன் என்று மூன்று மாத்திரைகளை 5 நாளைக்கு எழுதிக் கொடுத்து, "மாத்திரை முடியிற வரைக்கும் பால் கொடுக்காதீங்க, பீய்ச்சி ஊத்திடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் நான் போனபோது அவள் சமையலறைத் தொட்டியோரம் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரோடு அது வெள்ளையாகச் சுழன்று இறங்கியது. கூடத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அம்மா பாலாடையில் பவுடர் பாலைக் கரைத்துப் புகட்டப் பார்த்தார், குழந்தை துப்பியது.

மூன்றாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. குளிர்காய்ச்சலும் வந்தது. ஐந்தாம் நாள் முடிந்து பால் கொடுக்கப் போனால், அதற்குள் பாட்டிலுக்குப் பழகியிருந்த குழந்தை மார்பில் வாய் வைக்க மறுத்தது. மறுபடி குடிக்க வைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு ஒரு குழந்தை மருத்துவரிடம் அந்தச் சீட்டைக் காட்டினோம். மூன்று மாத்திரைகளையும் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுத்திருக்கலாம் என்றார் அவர். அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் தேவைப்பட்டால் பிறந்த குழந்தைகளுக்கே நேரடியாகக் கொடுக்கப்படும் மருந்துகள். இபுபுரூஃபன் பாலில் ஏறுவது மிகக் குறைவு.

"தாய் தின்பது பிள்ளைக்கு இறங்கும்" என்பது நம் வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. அதில் பொய்யில்லை. தாய் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அளவில் பாலுக்குள் வரத்தான் செய்கின்றன. ஆனால் இறங்குமா என்று கேட்பதோடு நின்றுவிட்டால் எல்லா மருந்துக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும். எவ்வளவு இறங்கும், இறங்கியது குழந்தையின் வயிற்றைத் தாண்டி இரத்தத்தில் சேருமா, அந்தக் குழந்தைக்கு என்ன வயது, பாலை நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதில் கடைசிக் கேள்வியைத்தான் யாருமே கேட்பதில்லை.

மார்பகத்துக்குள் திராட்சைக் கொத்துப் போல நுண்ணிய பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பையின் சுவரும் ஒற்றை வரிசை செல்களால் ஆனது. சுவருக்கு வெளியே இரத்தம், உள்ளே பால். பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் இந்தச் செல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மருந்து எளிதாக நுழையும். ஆனால் அந்த நாட்களில் சுரப்பது சீம்பால், அதுவும் கொஞ்சமே. முதல் வாரத்துக்குள் இடைவெளிகள் அடைபட்டுவிடும். அதன்பின் மருந்து செல்லின் உடலையே கடந்துதான் பாலுக்கு வர வேண்டும்.

பெரிய மூலக்கூறுகள் கடப்பது கடினம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் அப்படிப்பட்டது. இன்சுலின் கொஞ்சம் பாலில் வந்தாலும் குழந்தையின் வயிறு அதை வேறு எந்தப் புரதத்தையும் போலச் செரித்துவிடும். இரத்தத்தில் உள்ள புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும் மருந்துகளும் பாலுக்குள் அதிகம் வருவதில்லை. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் என்ற பெயரைக் கேட்டாலே பயம் வரும். ஆனால் அதில் 99 சதவீதம் புரதத்தோடு ஒட்டியே கிடப்பதால் பாலில் கிட்டத்தட்ட எதுவும் தெரிவதில்லை. இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் எழுதப்படும் ப்ரோப்ரனலோலும் அட்டெனலோலும் ஒரே குடும்பத்து மருந்துகள். முன்னது பெரும்பாலும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பாலில் சொற்பமே வருகிறது. பின்னது ஒட்டாமல் திரிவதால் பாலில் சேர்கிறது. குழந்தைக்கு நாடித்துடிப்பு குறைந்ததாகவும் பதிவுகள் உண்டு. ஒரே வேலைக்கான இரண்டு மாத்திரைகளில் எதை எழுதுவது என்பதில்தான் மருத்துவரின் அக்கறை தெரியும். பாலை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால், மாத்திரையை மாற்ற முடியுமா என்று பார்க்கலாமே.

பாலுக்குள் வந்த மருந்து அங்கேயே தேங்கி நிற்பதில்லை. தாயின் இரத்தத்தில் அளவு குறையக் குறைய, அது பாலிலிருந்து அதே வழியாக இரத்தத்துக்குத் திரும்பிப் போகிறது. அதனால் பெரும்பாலான மருந்துகளுக்கு, பீய்ச்சி ஊற்றுவதால் உடம்பிலிருந்து மருந்து சீக்கிரம் வெளியேறிவிடாது. இரத்தத்தில் மருந்து இருக்கும் வரை புதிதாகச் சுரக்கும் பாலிலும் இருக்கும். இரத்தத்தில் தீர்ந்தால் பாலிலும் தீரும். என் தங்கை தொட்டியில் ஊற்றியது வெறும் பாலைத்தான். பால் கொடுக்காமல் இருந்தே ஆக வேண்டிய சில நேரங்களில் பீய்ச்சுவது வேறு காரணத்துக்கு. பால் கட்டாமலும் வற்றாமலும் இருக்க அது உதவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ச்சலுக்குத் தாய் 650 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றைப் போடுகிறாள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாலில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். அப்போது ஒரு லிட்டர் பாலில் 10 முதல் 15 மில்லிகிராம் வரை இருப்பதை அளந்திருக்கிறார்கள். குழந்தையின் எடை 5 கிலோ என்றால், கிலோவுக்கு 150 மில்லி வீதம் ஒரு நாளில் அது குடிப்பது சுமார் 750 மில்லி. நாள் முழுதும் உச்ச அளவிலேயே மருந்து இருந்தது என்று மிகையாகவே வைத்துக்கொண்டாலும், குழந்தைக்குப் போவது 11 மில்லிகிராம். இதே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கிலோவுக்கு 15 என்ற கணக்கில் ஒரே வேளைக்கு 75 மில்லிகிராம் சொட்டு மருந்தாகக் கொடுப்பார்கள். ஒரு நாள் முழுக்கப் பாலில் வருவது, அந்த ஒரு வேளையின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த மாதிரிக் கணக்கைத்தான் மருத்துவ உலகம் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. தாய் தன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு மருந்து எடுக்கிறாள், பால் வழியாகக் குழந்தை தன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு பெறுகிறது என்று ஒப்பிடுவார்கள். அது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது. அன்றாடம் எழுதப்படும் மருந்துகளில் மிகப் பல இந்தக் கோட்டுக்கு வெகு கீழே நிற்கின்றன. இபுபுரூஃபன் 1 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் அணுவளவு போனாலே தீங்கு செய்யும் மருந்துகளுக்கு இந்த 10 சதவீதக் கணக்கு செல்லாது. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

குழந்தையின் வயது எல்லாவற்றையும் மாற்றிவிடும். பிறந்து சில நாளான குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை உடைத்து வெளியேற்ற இன்னும் பழகவில்லை. குறை மாதத்தில் பிறந்தது என்றால் இன்னும் மெதுவாகும். தாய்ப்பால் வழி வந்த மருந்தால் குழந்தைக்குப் பாதிப்பு என்று அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவான 100 நிகழ்வுகளை 2003-ல் ஓர் ஆய்வுக் குழு அலசியது. அவற்றில் 78 குழந்தைகள் 2 மாதமோ அதற்கும் குறைவோ. 6 மாதம் தாண்டியவை வெறும் 4. பால்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க நிகழ்வு ஒன்றுகூட இல்லை. சுமார் பாதி 'பெரும்பாலும் இருக்கலாம்' என்ற அளவிலும், மீதி வெறும் சாத்தியம் என்ற அளவிலும் நின்றன. எனவே 10 நாள் குழந்தையின் தாய்க்குத் தேவைப்படும் கவனத்தை, சோறும் பருப்பும் சாப்பிட்டு இரவில் மட்டும் பால் குடிக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் தாய் மேல் சுமத்த வேண்டியதில்லை. கடையில் மாத்திரை கேட்கும்போது "பால் கொடுக்கிறேன்" என்பதோடு நிறுத்தாமல் குழந்தைக்கு எத்தனை நாள், எத்தனை மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் மருந்துடன் வரும் தாளில் ஏன் "பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும்" என்றே இருக்கிறது? புது மருந்தைச் சோதிக்கும்போது பாலூட்டும் பெண்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சோதிக்காததால் தகவல் இல்லை. தகவல் இல்லாததால் வழக்கு வராமல் இருக்க ஒரே வரியில் எச்சரித்துவிடுகிறார்கள். அந்த வரி ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டதால் எழுதப்பட்டது என்று நாம் படித்துவிடுகிறோம். கொரோனா தடுப்பூசியில் இதை நாடே பார்த்தது. 2021 ஜனவரி 16-ல் இந்தியாவில் ஊசி போடத் தொடங்கியபோது, சோதனைகளில் பாலூட்டும் பெண்கள் இல்லை என்பதால் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். மே 19-ல்தான் அவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதங்களைக் கைக்குழந்தைக்காரிகள் ஊசியில்லாமல் கடந்தார்கள். மருந்து வேண்டாம் என்பது எப்போதும் பத்திரமான பதில் ஆகிவிடாது.

அமெரிக்காவில் 2015 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மருந்துத் தாளில் பாலூட்டலுக்குத் தனிப்பகுதி ஒதுக்கி, பாலில் எவ்வளவு வருகிறது, குழந்தைக்கு என்ன ஆகலாம் என்று தெரிந்ததை எழுத வேண்டும். அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகம் 2006 முதல் லாக்ட்மெட் என்ற தரவுத்தளத்தையும் இலவசமாக வைத்திருக்கிறது. மருந்தின் பெயரைத் தட்டினால் பாலில் அளந்த அளவு, குழந்தையின் இரத்தத்தில் கண்ட அளவு, மாற்று மருந்து எல்லாம் வரும். சீட்டு எழுதும் கையில் செல்போன் இருக்கிறது. பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் "பாலை நிறுத்து" என்று சொல்வது என்னைப் பொறுத்தவரை மருத்துவத் தவறுதான்.

அன்றாடத் தேவைகளுக்கு வருவோம். பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பாலை நிறுத்த வேண்டாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ நாக்கில் வெண்படலமோ வருகிறதா என்று மட்டும் பார்க்கலாம். மெட்ரோனிடசோலை ஒரே தடவையில் 2 கிராம் விழுங்கும்போது மட்டும் சிலர் 12 மணி நேரமாவது தள்ளிக் கொடுக்கச் சொல்வதுண்டு. தைராக்ஸின் உடம்பே சுரக்கும் ஹார்மோன், தயங்காமல் தொடரலாம். பல் பிடுங்கப் போடும் மரப்பு ஊசி, நாய்க்கடி ஊசி, டெட்டனஸ் ஊசி எதற்கும் பால் தடையில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்திருந்தாலும், நன்றாக விழித்துக் குழந்தையைத் தானே பிடிக்கத் தெம்பு வந்ததும் பால் கொடுக்கலாம். மார்பில் பால் கட்டிச் சீழ் வைக்கும் நிலையில் ஆன்டிபயாட்டிக் தரும்போது பாலை நிறுத்தினால் நோய் முற்றும். அங்கே பால் கொடுப்பதே சிகிச்சையில் ஒரு பாதி.

காசநோயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உலகக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். அவர்களில் பச்சை உடம்புக்காரிகளும் உண்டு. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் முதலான முதல்நிலை மருந்துகளைச் சாப்பிடும் தாய் பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து மிரண்டு பாலை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறம் ரிஃபாம்பிசினுடையது, அதில் தீங்கில்லை. ஆனால் பாலில் மருந்து வருகிறதே, குழந்தைக்கும் அது காப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அளவு குழந்தையைக் காக்கப் போதாது. சளியில் கிருமி உள்ள தாயின் குழந்தைக்குத் தனியாகத் தடுப்பு மருந்து தர வேண்டும், தாய் முகக்கவசம் போட்டுப் பால் கொடுக்க வேண்டும். நோய் பரவுவது பாலில் இல்லை, இருமலில்.

இனி, உண்மையில் பயப்பட வேண்டியவை. வலிக்கும் இருமலுக்கும் தரப்படும் கோடீன் தாயின் ஈரலில் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அவர்கள் பாலில் மார்ஃபின் எதிர்பாராத அளவுக்கு ஏறலாம். கனடாவின் டொரன்டோவில் 2005-ல் 13 நாள் குழந்தை ஒன்று இறந்ததற்கு இதுவே காரணம் என்று மறு ஆண்டு வெளியான கட்டுரை சொன்னது. பால் வழி அவ்வளவு மருந்து போயிருக்க முடியுமா என்று பின்னாளில் வேறு நிபுணர்கள் கடுமையாகக் கேள்வி எழுப்பினார்கள். அந்த ஒரு நிகழ்வு எப்படியிருந்தாலும், மூச்சு மந்தமாகும் அபாயத்தைக் கருதி 2017 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கோடீனும் டிராமடால் என்ற வலி மருந்தும் பாலூட்டும் தாய்க்கு வேண்டாம் என்று எச்சரித்தது. நம் ஊரில் டிராமடால் பாராசிட்டமாலோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருகிறது. அட்டையின் பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தைப் படித்தால்தான் தெரியும். தயவுசெய்து படியுங்கள்.

புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள், இதயத்துக்கான அமியோடரோன் போன்றவற்றில் பாலா மருந்தா என்றால் மருந்துதான். மனநோய்க்குத் தரும் லித்தியம் பாலில் கணிசமாக ஏறும். இரத்தப் பரிசோதனையும் நிபுணர் கண்காணிப்பும் இல்லாமல் அதோடு பால் கொடுக்கக் கூடாது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதென்றால், பல வாரங்களுக்கு முன்பே பாலை நிறுத்தி, அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்காமலே இருக்க வேண்டும். இதே அயோடின் என்ற பெயரைக் கேட்டுச் சிடி ஸ்கேனுக்குப் போடும் சாய ஊசியையும் பலர் அஞ்சுகிறார்கள். அது வேறு. அந்தச் சாயத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே பாலுக்கு வருகிறது. வந்ததிலும் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே குழந்தையின் குடல் உறிஞ்சுகிறது. பாலை நிறுத்தத் தேவையில்லை என்பதே கதிரியக்க மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு சொல்வது.

குழந்தையை ஒன்றும் செய்யாமல் பாலையே வற்றச் செய்யும் மருந்துகளும் உண்டு. மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபிட்ரின் இருக்கிறது. அதை ஒரே ஒரு வேளை, 60 மில்லிகிராம் சாப்பிட்ட தாய்மாரிடம் அன்றைய பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்ததை ஒரு சிறு ஆய்வு அளந்தது. கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்தவை பாலைக் குறைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் அந்தரா ஊசியிலும், ஹார்மோன் அல்லாத சாயா மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. அந்தரா என்றால் பிரசவமாகி 6 வாரம் கழித்து.

குழந்தையை இழந்த தாய்க்கு மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டிப் பாலை வற்றவைப்பது நம் பாட்டிகளின் வழக்கம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அந்த மல்லிகையை, பால் வற்ற அப்போது எழுதப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை மாத்திரை கூடுதலாகக் குறைத்தது. ஆனால் பால் கட்டு, சுரப்பு, வலி மாத்திரைத் தேவை ஆகியவற்றில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மாத்திரை நிறுத்திய சிலருக்கு மட்டும் பால் திரும்ப ஊறியது.

அதற்காக நாட்டு மருந்து என்றாலே பயமில்லை என்று ஆகிவிடாது. லேகியத்திலும் சூரணத்திலும் என்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு என்று தெரியாதபோது பாலில் எவ்வளவு இறங்கும் என்று கணக்கே போட முடியாது. பூண்டு, சுக்கு, மிளகு போட்ட பத்தியக் குழம்பை நான் சொல்லவில்லை. உலோக பஸ்பம் சேர்ந்தவற்றைச் சொல்கிறேன். தாய் போட்ட ஒரு பாராசிட்டமாலுக்குப் பதறும் அதே வீட்டில், 20 நாள் குழந்தையின் வாயில் உரை மருந்தைத் தேய்த்து நேரடியாக ஊற்றுவதும் நடக்கிறது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. பாலை நிறுத்தும் தாய்மாருக்கு இணையாக, பாலுக்காகத் தன் மருந்தை நிறுத்திவிடும் தாய்மாரும் இருக்கிறார்கள். வலிப்பு மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தி, குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தே பார்க்க முடியவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை "பச்சை உடம்பு, அழத்தான் செய்வாள்" என்று ஒதுக்கிவிடுகிறோம். மருந்து எழுதிக் கொடுத்தாலும் "பால் குடிக்கிற பிள்ளை இருக்கே" என்று அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறோம். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் என்ற மருந்து, முன்பு சொன்ன அளவுகோலில், 2 சதவீத அளவுக்கே பாலில் வருகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் பெரும்பாலும் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. சிகிச்சை இல்லாத மனச்சோர்வு ஒரு தாயை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த 2 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு மருந்தில் நன்றாக இருப்பவர் பாலுக்காகத் தானாக அதை மாற்றுவதும் வேண்டாம், எழுதியவரிடம் கேட்டுத்தான்.

மருந்து தொடங்கியபின் கவனிக்க வேண்டியது குழந்தையைத்தான். வழக்கமான நேரத்துக்கு எழவில்லை, தொட்டு உசுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, உறிஞ்சும் வேகம் குறைந்துவிட்டது, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பில் தடிப்பு, ஈரத்துணி எண்ணிக்கை குறைவு என்று எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஓட வேண்டும். தூக்கம் வரவைக்கும் பழைய சளி மாத்திரை, வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன் இவற்றில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறும் மருந்து என்றால், பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரை போடலாம். குழந்தை நீண்ட நேரம் தூங்கும் வேளைக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது.

மருத்துவர் பாலை நிறுத்தச் சொன்னால், எந்த மருந்துக்காக, எத்தனை நாள், அதற்குப் பதில் வேறு மாத்திரை உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. தங்கை அடுத்த முறை தொண்டை வலிக்குப் போனபோது, நாற்காலியில் உட்காரும் முன்பே, "டாக்டர், பாப்பாவுக்கு அஞ்சு மாசம், பால் மட்டும்தான் குடிக்கிறா, அதுக்கு ஏத்த மாதிரி எழுதுங்க" என்றாள். அவர் எழுதத் தொடங்கிய பேனாவை வைத்துவிட்டு, செல்போனை எடுத்துப் பார்த்து, ஒரு மாத்திரையை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார்.